டிராஃப்ட் பிக் கைநழுவிப் போகிறதா? ஆன்லைன் பேஸ்பால் சிம்மில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஆன்லைன் பேஸ்பால் சிம் லீக்கில் (கணினி ஆட்டத்தில் ஆளுக்கோர் அணியை நடத்தும் லீக்) டிராஃப்ட் சமயத்தில், அதாவது அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களை எடுக்கும்போது, வரும் சிக்கல்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அந்த ஒவ்வொரு முறையும், அதில் எடுத்த ஆளும்தான் பிக். பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறொன்று. ஒப்பந்தக் கெடு முடிகிற நாளில் "இவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை" என்று தேடுவோம். டிராஃப்டுக்கு முந்தைய இரவு பட்டியல் போட்டபோதே அந்தத் தப்பு நடந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியையும் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நடக்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் போன்ற ஆட்டங்கள். லீக்கை நடத்தும் கமிஷனர் லீக் ஃபைலை வெளியிடுவார், நாம் இறக்கி வேலை செய்து, நம் அணியின் ஃபைலைத் திருப்பி அனுப்புவோம், அவர் சிம் ஓட்டுவார், அதாவது ஆட்டத்தின் நாட்களை நகர்த்துவார். விதிகள் பெரும்பாலும் நிஜ எம்எல்பியை (மேஜர் லீக் பேஸ்பால்) தழுவியிருக்கும், ஆனால் எந்த விதி உங்கள் லீக்கில் இயங்குகிறது என்பது செட்டிங்கில்தான் இருக்கிறது. முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை ரவுண்டு, போனஸ் பூலுக்கு (எடுத்த வீரர்களுக்குக் கையெழுத்துத் தொகையாகத் தரும் மொத்தம்) வரம்பு உண்டா, கையெழுத்துக்குக் கடைசி நாள் எது, ஒப்பந்தமாகாத பிக்குக்கு ஈடு உண்டா, பிக்கை டிரேட் செய்யலாமா. நிஜத்தில்கூட இவை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2019 வரை 40 ரவுண்டு, 2020இல் வெறும் 5, 2021 முதல் 20. உங்கள் லீக் எந்த ஆண்டின் விதியை எடுத்துக்கொண்டது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

"கையெழுத்து வாங்கிவிட்டேன், சிம் ஓடிய பிறகு ஆளைக் காணோம்"

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பத்தில் ஒன்பது முறை ஆட்டத்தில் எந்தக் கோளாறும் இருக்காது, ஃபைல் கைமாறிய வரிசைதான் தப்பாக இருக்கும்.

உங்கள் கணினியில் நீங்கள் கொடுத்த ஆஃபர் கமிஷனருடைய கணினிக்குத் தானாகப் போவதில்லை. எக்ஸ்போர்ட் செய்து அனுப்பிய ஃபைல்தான் அதைச் சுமந்து போகிறது. அனுப்புவதற்கு முன்பே புதிய லீக் ஃபைலை இறக்கிவிட்டால் நீங்கள் செய்தது முழுவதும் அழிந்துவிடும், ஆட்டம் எச்சரிக்கைகூடத் தராமல் போகலாம். இன்னொரு வகையும் உண்டு. பழைய லீக் ஃபைலில் வேலை செய்து அனுப்பியிருப்பீர்கள், சர்வரில் அதற்குப் பிறகு ஒரு சிம் ஓடி முடிந்திருக்கும். அந்த ஃபைல் செல்லாது.

சோதிக்கும் வரிசை இது:

1. ஆட்டத்துக்குள் தெரியும் தேதியும் லீக் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியும் ஒன்றா?
2. நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த நேரம், கமிஷனர் சிம் ஓட்டிய நேரத்துக்கு முன்னதா? அறிவித்த நேரத்தைப் பார்க்க வேண்டாம், உண்மையில் ஓடிய நேரத்தைப் பாருங்கள்.
3. லீக் பக்கத்தில் அணிகளின் எக்ஸ்போர்ட் நிலவரத்தில் உங்கள் அணிக்கு எதிரே புதிய தேதி விழுந்திருக்கிறதா?

மூன்றும் சரியாக இருந்தும் ஆள் இல்லை என்றால், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம். சில சிம்களில் ஆஃபர் கொடுத்த உடனே பதில் வராது. அடுத்த சிம் வரை பொறுங்கள், ஆனால் கடைசி நாளுக்கு முன் இன்னும் ஒரு சிம்மாவது பாக்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பொறுங்கள்.

நான் இருந்த ஒரு லீக்கில் இரண்டாம் ரவுண்டில் எடுத்த ஓர் இடக்கைப் பள்ளிப் பிட்சரை இப்படித்தான் இழந்தேன். ஆஃபர் திரையில் அவர் பெயருக்கு எதிரே தொகையைப் போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. போட்டது கடைசி நாளன்று, பழைய ஃபைலில். அன்றிலிருந்து எக்ஸ்போர்ட் முடிந்ததும் சர்வர் பக்கத்தைப் புதுப்பித்து நேரத்தைப் பார்த்த பிறகுதான் கணினியை மூடுகிறேன்.

"என் பட்டியலில் இல்லாத ஆளை எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது"

டிராஃப்ட் நேரத்தில் நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் பட்டியலைப் பார்த்துச் சிம் எடுக்கும். பட்டியல் தீர்ந்துவிட்டால் தன் கணக்குப்படி எடுக்கும். அப்படியென்றால் முதல் கேள்வி, பட்டியல் போதிய நீளமா?

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் பிக் ஒட்டுமொத்த வரிசையில் எத்தனையாவதோ, பட்டியலில் அத்தனை பெயர் இருந்தால் ஒருவராவது மிச்சம் இருப்பது உறுதி. 30 அணி லீக்கில் உங்கள் இடம் 23 என்றால் முதல் ரவுண்டுக்கு 23 பெயர். மூன்றாம் ரவுண்டில் நீங்கள் எடுப்பது 83ஆவது ஆள், ஆகவே 83 பெயர். நடுவில் ஈடு பிக்குகள் செருகப்பட்டிருந்தால் இன்னும் கூடும். பலர் 15 பெயரைப் போட்டுவிட்டு மூன்றாம் ரவுண்டில் யாரோ ஒரு ரிலீஃப் பிட்சர் வந்துவிட்டார் என்று வருந்துகிறார்கள்.

நீளம் சரி, ஆனாலும் தப்பான ஆள் வருகிறார் என்றால், பட்டியல் சேமிக்கப்பட்டதா, அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். டிராஃப்டை வெளித் தளத்தில் நடத்தும் லீக்குகளில் ஆட்டத்துக்குள் போட்ட பட்டியல் அங்கே தானாக ஏறாது, தனியாக ஏற்ற வேண்டும்.

அப்புறம், பட்டியல் ஒரு வரிசை மட்டுமே, அதற்கு உங்கள் தேவை தெரியாது. மேலே நான்கு கேட்சர்களை அடுத்தடுத்து வைத்தால், அவர்கள் மிச்சம் இருக்கும் வரை நான்கு ரவுண்டிலும் கேட்சர்தான் வருவார். ஷார்ட்ஸ்டாப்புகள் நான்கு பேர் வந்தால் கவலை இல்லை, அவர்களை இரண்டாம் பேஸுக்கோ மூன்றாம் பேஸுக்கோ சென்டர் ஃபீல்டுக்கோ நகர்த்தலாம். முதல் பேஸ் ஆட்டக்காரர்கள் நான்கு பேர் வந்தால் இருவருக்கு மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் லீக்) ஆட இடமே இருக்காது. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் பட்டியலைத் திருத்த நேரம் கிடைத்தால் திருத்துங்கள். கிடைக்காது என்றால் ஒரே பொசிஷன்காரர்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

"எடுத்த ஆள் கையெழுத்துப் போட மறுக்கிறார்"

அவருக்கு வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி முடித்தவருக்குக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்தவர் இன்னோர் ஆண்டு படித்துவிட்டு அடுத்த டிராஃப்டுக்கு வரலாம். நான்காம் ஆண்டை முடித்தவருக்குப் போக்கிடம் குறைவு, அதனால் சொற்பத் தொகைக்கே சம்மதிப்பார். சில சிம்கள் இதை ஒரு குறியீடாகவே காட்டும்: ஸ்லாட் தொகைக்கு (அந்தப் பிக்குக்கு லீக் வகுத்த தொகை) வருவார், எளிது, கடினம், மிகக் கடினம், நடக்காது. கூடவே அவர் கேட்கும் தொகையும் இருக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் திறமைப் புள்ளியை மட்டும் பார்த்து வரிசை போட்டால் கணக்கு உதைக்கும்.

இப்போது மறுத்துவிட்டார், என்ன செய்வது? கேட்பதைக் கொடுக்கலாம், அல்லது விட்டுவிடலாம். விட்டுவிடுவது எப்போதும் தோல்வி இல்லை. நிஜ விதிப்படி முதல் இரண்டு ரவுண்டில் எடுத்தவர் ஒப்பந்தமாகாவிட்டால் அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு ஒரு படி கீழே ஈடு பிக் கிடைக்கும். 2012இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எட்டாவதாக எடுத்த மார்க் அப்பெல் கையெழுத்திடவில்லை, 2013இல் ஒன்பதாவது பிக்கை வைத்து ஆஸ்டின் மெடோஸை எடுத்தார்கள். நியூயார்க் மெட்ஸ் 2021இல் பத்தாவதாக எடுத்த குமார் ராக்கர் ஒப்பந்தமாகவில்லை, 2022இல் அவர்களுக்குப் பதினொன்றாவது பிக் வந்தது. மூன்றாம் ரவுண்டுக்கு, அந்த ரவுண்டின் முடிவில் ஒரு பிக். அதற்குக் கீழே எதுவும் கிடையாது. நான்காம் ரவுண்டில் "நடக்காது" என்று குறி போட்டிருக்கும் பள்ளி மாணவரை எடுப்பது அந்தப் பிக்கைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

உங்கள் லீக்கில் ஈடு கிடைக்க ஒரு குறைந்தபட்ச ஆஃபர் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். வெறுமனே விட்டுவிட்டு ஈடு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

"பூலில் பணம் இருந்தது, திடீரென்று குறைந்துவிட்டது"

இதில்தான் நான் நிதானமாக நிற்கப் போகிறேன். நல்ல அணிகள் கெட்டுப்போவது இங்கேதான்.

2012 முதல் எம்எல்பியில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு போனஸ் பூல் உண்டு. முதல் பத்து ரவுண்டில் அந்த அணிக்கு இருக்கும் ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு ஸ்லாட் தொகை, எல்லா ஸ்லாட்டையும் கூட்டினால் பூல். யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் விருப்பம், மொத்தம்தான் கணக்கு. ஆனால் ஒரு பிக் ஒப்பந்தமாகவில்லை என்றால் அவருடைய ஸ்லாட்டும் பூலிலிருந்து கழிந்துவிடும். பணம் குறைந்துவிட்டது என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தொகை உங்களிடம் சேமிப்பாக இருந்ததே இல்லை, அந்த ஆளோடு சேர்ந்து வந்தது, அவரோடு சேர்ந்தே போய்விட்டது.

பூலைத் தாண்டினால் தண்டனை படிப்படியாக ஏறும். 5 சதவீதம் வரை, தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. 5க்கு மேல் 10 வரை, அதே வரியோடு அடுத்த முதல் ரவுண்டு பிக்கும் போகும். அதற்கு மேலே போனால் வரி 100 சதவீதம், இழக்கும் பிக்குகளும் இரண்டு.

ஒரு கற்பனை அணியை எடுத்துக்கொள்வோம். முதல் ரவுண்டு ஸ்லாட் 30 லட்சம் டாலர், இரண்டாவது 14, மூன்றாவது 7, நான்காவது 5, ஐந்து முதல் ஏழு வரை சேர்த்து 8.5, எட்டு முதல் பத்து வரை 2, 1.8, 1.7. மொத்தப் பூல் 70 லட்சம். முதல் ரவுண்டில் எடுத்த பள்ளி ஷார்ட்ஸ்டாப் 38 லட்சம் கேட்கிறார், 8 லட்சம் கூடுதல். எட்டு, ஒன்பது, பத்தாம் ரவுண்டுகளில் நான்காம் ஆண்டு கல்லூரி வீரர்களை எடுத்து ஆளுக்கு 20,000 டாலருக்கு முடித்தால் 4.9 லட்சம் மிச்சம். பாக்கி 3.1 லட்சம் பூலைத் தாண்டும். 70 லட்சத்தில் அது 4.4 சதவீதம். வரி 2.3 லட்சத்துச் சொச்சம், பிக் பத்திரம். அழகான திட்டம்.

இப்போது இரண்டாம் ரவுண்டுக்காரர் கடைசி நேரத்தில் மறுக்கிறார் என்று வையுங்கள். அவருடைய 14 லட்சம் மிச்சமாகும் என்று நினைப்போம். ஆனால் பூலே 56 லட்சமாகச் சுருங்கிவிடும். தாண்டிய தொகை அதே 3.1 லட்சம்தான், 56இல் அது 5.5 சதவீதம். ஒரு டாலர்கூட அதிகம் செலவழிக்காமல் அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு பிக் போய்விட்டது. 38 லட்சத்துக்கு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதால் பின்வாங்கவும் முடியாது.

ஆக, ஒப்பந்தம் போடும் வரிசைதான் இங்கே மருந்து. ஸ்லாட் தொகைக்குச் சம்மதித்தவர்களை முதலில் முடியுங்கள். மலிவாக வரும் எட்டு, ஒன்பது, பத்தாம் ரவுண்டுக்காரர்களை உடனே முடியுங்கள், அவர்கள் வந்தால்தான் அந்த மிச்சம் உண்மையான மிச்சம். அதிகம் கேட்பவரைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் பூல் எவ்வளவு என்பது உறுதியாகிவிடும்.

நிஜத்தில் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது, இரண்டுமே ஒரே அணிக்கு. 2012இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் பிக்கில் கார்லோஸ் கொரியாவை எடுத்தார்கள். ஸ்லாட் 72 லட்சம் டாலர், அவர் 48 லட்சத்துக்குச் சம்மதித்தார். அந்த மிச்சத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சமும் நான்காம் ரவுண்டில் ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சமும், இருவருக்குமே ஸ்லாட்டைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். 2014இல் அதே அணி முதல் பிக்கில் பிட்சர் பிரேடி ஏக்கனை எடுத்து 65 லட்சத்துக்குப் பேசி முடித்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கை தசைநார் பற்றிக் கவலை எழுந்தது, தொகையைக் குறைத்தார்கள், அவர் கையெழுத்திடவில்லை. கிட்டத்தட்ட 79 லட்சம் ஸ்லாட் பூலிலிருந்து மறைந்தது. ஐந்தாம் ரவுண்டில் எடுத்த ஜேக்கப் நிக்ஸுக்கு ஒப்புக்கொண்ட 15 லட்சத்தையும் கொடுக்க முடியாமல் போனது, கொடுத்திருந்தால் பிக்குகளை இழக்கும் அளவு பூலைத் தாண்டியிருப்பார்கள். ஈடாக வந்த 2015இன் இரண்டாவது பிக்கில் அலெக்ஸ் பிரெக்மன் கிடைத்தார் என்பது வேறு கதை. உங்கள் சிம்மில் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

11ஆம் ரவுண்டிலிருந்து ஸ்லாட் கிடையாது. 2023 விதிப்படி ஒருவருக்கு 1,50,000 டாலர் வரை கொடுப்பது பூலில் சேராது, அதற்கு மேல் கொடுக்கும் பகுதி மட்டும் சேரும். கடைசியில் பூலில் கொஞ்சம் மிஞ்சினால் அதை இங்கே செலவழிக்கலாம். 12ஆம் ரவுண்டில் "கடினம்" என்று குறி போட்ட ஒருவரை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

"பூல் இருக்கிறது, ஆனால் ஆஃபர் கொடுக்க விடமாட்டேன் என்கிறது"

பூல் என்பது செலவழிக்க அனுமதி, பணம் வேறு. அணியின் ரொக்கம் அல்லது ப்ராஸ்பெக்ட்டுகளுக்கென (வளரும் இளம் வீரர்கள்) ஒதுக்கிய பட்ஜெட் தீர்ந்திருக்கும். சீசன் தொடக்கத்தில் பட்ஜெட் பிரிக்கும்போதே டிராஃப்ட் தொகையை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு வேறு கணக்கிலிருந்து மாற்றும்போது ஒரு பகுதியை அபராதமாகப் பிடித்துக்கொள்ளும் சிம்களும் உண்டு. அல்லது கடைசி நாள் கடந்திருக்கும். இரண்டையும் பார்த்தால் போதும்.

"ஒப்பந்தமான உடனே அவருடைய மதிப்பு இறங்கிவிட்டது"

பெரும்பாலும் ஆள் மாறவில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார். டிராஃப்டுக்கு முன் நீங்கள் பார்த்தது லீக்கின் பொது ஸ்கவுட்டிங் அறிக்கையா, உங்கள் ஸ்கவுட்டின் (வீரர்களின் திறமையை மதிப்பிடுபவர்) அறிக்கையா? இரண்டும் 20 முதல் 80 வரையிலான அதே அளவுகோல், ஆனால் வேறு வேறு கண்கள். உங்கள் ஸ்கவுட்டை மாற்றியிருந்தாலும், அறிக்கை பழைய தேதியில் இருந்தாலும் புள்ளி குதிக்கும். பள்ளி மாணவர்களிடம் இந்தக் குதிப்பு அதிகம், கல்லூரி வீரர்களிடம் குறைவு.

முதல் அறிக்கை ஐந்து புள்ளி இறங்கியதற்காக யாரையும் விற்றுவிடாதீர்கள். ஆல்பர்ட் புஜோல்ஸ் 1999இல் 13ஆம் ரவுண்டில் 402ஆவதாக எடுக்கப்பட்டவர். மைக் பியாசா 1988இல் 62ஆம் ரவுண்டு. ஸ்கவுட்டின் எண்ணை நான் ஒரு கருத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆளின் உழைப்பு, காயப்படும் தன்மை இரண்டையும் அதைவிட அதிகம் நம்புகிறேன்.

"ஒப்பந்தமானார், ஆனால் எங்கேயும் ஆடவில்லை"

எந்த மைனர் லீக் நிலையில் விட்டிருக்கிறீர்கள், அங்கே அவருடைய பொசிஷனில் ஏற்கெனவே எத்தனை பேர்? பழைய காலகட்டத்தில் ஓடும் லீக் என்றால் புதியவர்களுக்கென்று ஷார்ட் சீசன் அணிகள் இருக்கும். 2021க்குப் பிந்தைய அமைப்பில் அவை கிடையாது, முழு சீசன் நிலைகள் நான்கு, கீழே ரூக்கி பயிற்சி லீக்குகள், அவ்வளவுதான். 18 வயதுக்காரரை டபுள் ஏவில் (மைனர் லீக்கில் மேலிருந்து இரண்டாம் நிலை) உட்கார வைப்பதைவிட ரூக்கி லீக்கில் தினமும் ஆட வைப்பது மேல்.

"டிரேடில் வாங்கிய பிக் என் கணக்கில் வரவில்லை"

"உங்கள் இரண்டாம் ரவுண்டு பிக்" என்று மட்டும் பேசி முடித்திருந்தால் தகராறு வரத்தான் செய்யும். எதிர் அணியிடம் இரண்டு இரண்டாம் ரவுண்டு பிக்குகள் இருந்திருக்கலாம், ஒன்று அவர்களுடையது, மற்றொன்று வேறோர் அணியிடம் வாங்கியது. டிரேடை எழுதும்போது ஆண்டு, ரவுண்டு, பிக் யாருடையதாகப் பிறந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். நிஜ எம்எல்பியில் காம்பெடிட்டிவ் பேலன்ஸ் பிக்குகளை (வருமானம் குறைந்த அல்லது சிறிய சந்தை அணிகளுக்குத் தரும் கூடுதல் பிக்குகள்) மட்டுமே டிரேட் செய்ய முடியும் என்பதால், அந்த விதி இயங்கும் லீக்கில் மற்ற பிக்குகளை ஆட்டமே ஏற்காது. பூல் வரம்பு இருந்தால் பிக்கோடு ஸ்லாட் தொகையும் உங்கள் பக்கம் வந்ததா என்று பாருங்கள்.

"வெளிநாட்டு இளைஞருக்கு ஆஃபர் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை"

வெளிநாட்டு இளைஞர்கள் டிராஃப்டில் வருவதில்லை, நேரடியாக ஒப்பந்தமாவார்கள். ஆஃபர் நடக்காததற்கு மூன்று காரணங்கள். ஒன்று, ஒப்பந்தக் காலம்: நிஜத்தில் ஜனவரி 15இல் தொடங்கி டிசம்பர் 15இல் முடிகிறது. இரண்டு, வயது: 16 ஆகியிருக்க வேண்டும். மூன்று, இவர்களுக்கான தனிப் பூல்: டிராஃப்ட் பூலை வரி கட்டித் தாண்டலாம், இதைத் தாண்ட முடியாது, 2017 முதல் கடின வரம்பு. ஐந்து பேருக்கு ஒரே சமயத்தில் ஆஃபர் நீட்டியிருந்தால் சில சிம்களில் அந்தத் தொகை அத்தனையும் பூலில் கட்டுண்டு கிடக்கும். வேண்டாதவர்களுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறுங்கள்.

"நான்கைந்து ஆண்டு வளர்த்த பையனை இன்னோர் அணி எடுத்துக்கொண்டது"

இது ரூல் 5 டிராஃப்ட், டிசம்பரில் நடக்கும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்கு சீசனுக்குள்ளும் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக் அணி தனக்கென ஒதுக்கி வைக்கும் வீரர்கள்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேறோர் அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுக்கலாம். எடுத்த அணி அவரை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் 50,000 டாலருக்கு உங்களிடம் திருப்பித் தர முன்வர வேண்டும். ஆகவே போன ஆளை மறந்துவிடாதீர்கள், வாரம் ஒரு முறை அந்த அணியின் பட்டியலைப் பாருங்கள். நவம்பர் தொடக்கத்திலேயே உங்கள் பழைய டிராஃப்ட் வகுப்புகளை ஒப்பந்த ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தினால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதில் எதிலும் அடங்காத சிக்கல் என்றால் கமிஷனருக்கு எழுதுங்கள். "என் பிக் போய்விட்டது" என்று எழுதினால் அவரால் தேட முடியாது. ஆட்டத்துக்குள் இருந்த தேதி, வீரரின் பெயர், எத்தனையாவது பிக், கொடுத்த தொகை, எக்ஸ்போர்ட் செய்த நேரம், ஆஃபர் திரையின் படம் இவ்வளவும் அனுப்புங்கள். அடுத்த சிம் ஓடுவதற்கு முன் அனுப்புங்கள், ஓடிவிட்டால் பழைய பேக்கப்பிலிருந்து முழு லீக்கையும் திருப்ப வேண்டியிருக்கும், மற்ற 29 பேரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.